வலையில் சிக்கிய வால்வு

செல்போன் அலறியது!

வாயில் பேஸ்ட் நுரையோடு எடுத்தான் கேப்டன் தேவகுமார்.

"கேப்டன் சாரே! மீன்காரி செசிலியாக்கும். உங்க ஏரோப்ளேன் வால்வு எங்க வலையில மாட்டிக் கிடக்கு. குளச்சலுக்கு ஓடி வாங்க!"

பிரஷ் தரையில் விழுந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றுபோக, விமானத்தைக் குளச்சல் கடலில் இறக்கி அத்தனை பேரையும் பிழைக்க வைத்தவன் அவன். பரிசு? சஸ்பென்ஷன்! எரிபொருள் வால்வை பைலட்தான் சுவிட்ச் போட்டு மூடினான் என்றது விமானம் செய்த கம்பெனி. வால்வு தானாக மூடிக்கொண்டது என்றான் இவன். வால்வோ கடலுக்கடியில். நாளை விசாரணைத் தீர்ப்பு. லைசென்ஸ் போனால் இனி ஆயுசுக்கும் பறக்க முடியாது.

துறைமுகத்தில் மீன்கூடையோடு செசிலி. அவள் மகள் பெபிஷா அந்த விமானத்தில் வந்து பிழைத்தவள்.

கூடை விளிம்பில் ஒரு செல்போன். நெய்மீன்களுக்கு நடுவே சிப்பி ஒட்டிய இரும்புத் துண்டு!

தேவகுமார் கையை நீட்டினான்.

"தொடாதே!"

பின்னால் துப்பாக்கியோடு... கம்பெனி இன்ஜினீயர் அனில்குமார்!

"மிஷின்ல குறையே இல்லன்னு சாதிச்சியே! பின்னே எதுக்குய்யா துப்பாக்கி?"

"பைலட் தப்புன்னு முடியப்போற கேஸ். அப்படியே முடியட்டும்."

"என் கை அந்த சுவிட்ச் பக்கமே போகல!"

"தெரியும்! இந்த வால்வு தானா மூடிக்கும்னு ரெண்டு வருஷமா எங்களுக்குத் தெரியும். வெளியே சொன்னா எங்க விமானத்தை எவன் வாங்குவான்?"

அனில்குமார் இரும்பை வாரி எடுத்து வீசினான். தொபுக்! கடல் விழுங்கியது.

தேவகுமாருக்கு அழுகை முட்டியது. செசிலிக்கோ... சிரிப்பு!

"தினமும் காலத்தே விடிஞ்சதும் வாடிக்கைக்காரங்களுக்கு வீடியோ கால்ல மீன் காட்டுவேன். இன்னைக்குப் புதுசா ஒரு ஆளு. சாரே, கேட்டியளா?"

கூடை விளிம்பிலிருந்து குரல் வந்தது.

"விசாரணை அதிகாரி கிருஷ்ணமணி. எல்லாம் கேட்டேன். போலீஸ் கேட்ல நிக்குது, மிஸ்டர் அனில்குமார்!"

துப்பாக்கி நழுவியது. போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது.

"அக்கா... வால்வு இங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் போன் போட்டேன்!"

"இருந்தாலும் வால்வு போச்சே!"

"எது? எங்க வீட்டுக்காரரோட வள்ளத்து பழைய இன்ஜின் துண்டாக்கும் அது!"

தேவகுமார் வாய் பிளந்தான்.

"அந்த இன்ஜின் நடுக்கடல்ல நின்னப்பவும் அதைச் செஞ்ச கம்பெனிக்காரன், ஓட்டினவன் சரியில்லன்னுதான் சொன்னான்." செசிலி நெய்மீனைத் திருப்பிப் போட்டாள். "தான் செஞ்ச சாமானையே இந்த அனில்குமாருக்கு அடையாளம் தெரியல... இவன் ஓட்டினவனைக் குத்தம் சொல்ல வந்துட்டான்!"