அசைபோடாத மாடுகள்

மாடுகள் அசைபோடவில்லை. அதைத்தான் ஷாமினி முதலில் கவனித்தாள். கோலா சாவா தோட்டத்தில் அவர்கள் வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகை. பொழுது சாய்ந்தால் கழுத்து மணியும் தாடை அரைபடும் சத்தமும் ஓயாமல் கேட்கும், சாணமும் ஈரப்புல்லும் கலந்த வாடை பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்து கிடக்கும். சில நாளாக வாடை மட்டும்தான் வருகிறது.

இடுக்கில் கண் வைத்துப் பார்த்தாள். எல்லா மாடும் இந்தச் சுவரைப் பார்த்தே நின்றன. அவளும் குழந்தையும் படுக்கிற பக்கம்.

எல்லாம் வசந்தனால் வந்தது என்று நினைத்தாள். கட்டியவனைச் சந்தேகப்பட அவளுக்கே வெட்கம்தான். ஆனால் கன்று இருமினால் அவனும் இருமினான். மாட்டிடமிருந்து ஆளுக்குக் கொரோனா வகை ஏதாவது தொற்றியிருக்கிறதா என்று சோதிக்க கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வந்த அன்று, அவன் தவிடு வாங்கத் தம்பின் டவுனுக்குப் போயிருந்தான். அவன் வந்ததும் மூக்கில் விட்டு எடுத்துவைக்கச் சொல்லி, குச்சியையும் அவன் பெயர் ஒட்டிய குழாயையும் கொடுத்துப் போனாள். அவனுக்கு இருந்துவிட்டால் மாடுகளை விட்டுவைப்பார்களா? அந்தக் காலத்தில் நிப்பா காய்ச்சலுக்குப் பயந்து பன்றிகளைக் குழிவெட்டித் தள்ளிய கதையை இங்கே கேட்காதவர் யார்? குச்சியைத் தன் மூக்கில் விட்டுக் குழாயை மூடினாள். அவனிடம் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அவன் படுக்கை வாசலில். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால் ஏதாவது சாக்குச் சொல்லித் தானே தூக்கிக்கொள்வாள். அவன் முகம் வாடிப்போகும்.

பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மிஸ்ஸி.

"வசந்தன் சாம்பிள் பாசிட்டிவ்மா. பயப்படாதீங்க லா. அவர தனியா வெச்சிருங்க. பிள்ளைகிட்ட மட்டும் விட்றாதீங்க."

வசந்தன் சாம்பிள். ஷாமினி குனிந்து பார்த்தாள். மகள் மார்போடு ஒட்டிக் கிடந்தாள். பிஞ்சு உடம்பு கொதித்தது.

வசந்தன் வாசலில் நின்றான். "என்னவாம் ஷாமி? எனக்கு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. வறட்டு இருமல். கன்றின் இருமல்.

குழந்தை குடிப்பதை நிறுத்தியது. அதே இருமல், சின்னதாக. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு இருமியது. அடுத்தது. அடுத்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. குழந்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் ஒன்றும் இல்லை. பல் முளைக்காத தாடை மட்டும் இடமும் வலமுமாக, மெதுவாக, அசைபோட்டது.