ஜெயங்கொண்டத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்

மே மாதத்தில், உலகத்தின் மறுகோடியிலுள்ள யுகத்தான் கடற்கரையில் நல்ல உடல் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீச்சல் தெரிந்த, பல்வலி இல்லாத உடல்களை விவரம் தெரிந்தவர்கள் ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுவார்கள். மிச்சம் கிடப்பவை முழங்கால் தேய்ந்தவை, குறட்டை விடுபவை, மீன் ஒத்துக்கொள்ளாதவை. ஜெயங்கொண்டம் மருதவாணன் ஏப்ரல் கடைசியில்தான் தேடவே ஆரம்பித்தார்.

பயணிகள் விமானங்கள் நின்று நாற்பது வருடமாகிவிட்டது. இப்போது வானத்தில் சரக்கு மட்டும்தான் போகிறது. மனிதர்களுக்குக் காதின் பின்னால் பதித்த மனவாங்கி இருக்கிறது. அதன் வழியாக மனம் மட்டும் கிளம்பிப் போய், போன ஊரில் ஓர் உடலுக்குள் குடியேறும். அந்த உடலின் சொந்தக்காரர் அதே நேரத்தில் இவருடைய உடலுக்குள் வந்து தங்குவார். இதற்கு உடல்மாற்று என்று பெயர். இரண்டு குடும்பங்கள் விடுமுறைக்கு வீட்டை மாற்றிக்கொள்வது மாதிரிதான். என்ன, வீட்டுக்கு ரத்தக்கொதிப்பு கிடையாது.

மருதவாணனின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அறுபது நிறைந்தவர்களுக்கு உடல்மாற்று அனுமதி இல்லை. அவருக்கு அறுபது நிறைய இன்னும் பன்னிரண்டே நாள். அவர் மனைவி செங்கமலம், பழங்கால மாயர்கள் யுகத்தானில் கட்டிய கடலோரப் பிரமிடை ஆறாம் வகுப்புப் பாடத்தில் பார்த்தவள். அதன் உச்சியில் நின்று, கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். அவரும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே ஓட்டிவிட்டார். அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போக அவளுக்கு மனமில்லை. இந்த முறை தவறினால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

அதிர்ஷ்டம் இருந்தது. அந்தப் பிரமிடுக்குப் பக்கத்து ஊரில் வசிக்கும் பெலிப்பே ஏக் என்பவரும் அவர் மனைவியும், ஆறு நாளைக்கு ஜெயங்கொண்டத்தில்தான் உடல் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருதவாணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிமெண்ட் ஆலையையும் பஸ் நிலையத்தையும் பார்க்க உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆள் வருகிறதா என்றார். பாவம், யாரோ ஏமாற்றி அனுப்புகிறார்கள் என்று இரக்கப்பட்டு, நல்ல பிரியாணிக் கடைகள் மூன்றைக் குறித்துக் கொடுத்தார்.

ஆனால் உடம்பு விஷயத்தில் அவர் இரக்கம் காட்டவில்லை. ஒப்பந்தத்தோடு நாற்பத்தாறு நிபந்தனைகளைச் சேர்த்தார். காலையில் மாத்திரை, ஊறுகாய் கூடாது, இடது தோளில் பை மாட்டக் கூடாது, மைத்துனர் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் தாலுகாவைத் தாண்டவே கூடாது. ஒப்பந்தத்தில் நிறுவனம் சேர்த்திருந்த விதிகளை அவர் படிக்கவில்லை. தான் எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தார்.

பயணம் பிரமாதமாக அமைந்தது. ஏக்கின் உடலுக்கு முழங்கால் உறுதியாக இருந்தது. செங்கமலத்துக்கு, ஏக்கின் மனைவியுடைய சின்னக் கால்களால் வெள்ளை மணலில் நடந்து நடந்து அலுக்கவில்லை. நான்காம் நாள் விடியலில் பிரமிடு ஏற அவர்களுக்கு முறை கிடைத்தது. இருட்டு பிரியும்போதே வரிசையில் நின்றார்கள். முன்னால் ஆறு பேர், அப்புறம் நான்கு பேர். கடைசியில் செங்கமலம் முதல் படியில் கால் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மருதவாணனுக்கு அன்றைய உடல்சாட்சி வந்தது. உடல் நலமாக இருக்கிறது என்று காட்ட நிறுவனம் தினமும் அனுப்பும் ஒரு படம். அதில் அவர் உடம்பும் செங்கமலத்தின் உடம்பும் மாலை வெயிலில் சிரித்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் யானை உயரத்துக்கு ஒரு சிங்கம் உட்கார்ந்திருந்தது. அதன் உடம்புக்குள் ஒரு வாசல், வாசலுக்குள் இறங்கும் படிகள். பின்னால் பழைய கருங்கல் சுவர்.

"கமலம், இதப் பாரு. நம்ம உடம்பச் சரக்கு விமானத்துல ஏத்தி எங்கயோ கொண்டுபோயிட்டாங்க."

செங்கமலம் பார்த்தாள். அவளுக்கும் அது எந்த இடம் என்று தெரியவில்லை. "முதல்ல அவங்கள ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க. இல்ல, மேல போயிட்டு வந்தாவது பேசிக்கலாங்க."

"என்னத்தக் கேக்கறது? அறுபது வருசமா நம்ம ஊர்ல குப்ப கொட்டறேன், எனக்குத் தெரியாதா? இது கம்போடியா."

அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டஈடாக மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும், மூன்று நாளும் நீ பிரமிடு ஏறலாம் என்று அவளுக்கு ஆசை காட்டினார். அவள் அவர் கையைப் பிடிப்பதற்குள், நிறுவனத்தின் தீர்ப்பு இயந்திரமான நடுவனிடம் புகாரைக் கொடுத்துவிட்டார்.

நடுவன் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இருவர் காதிலும் ஒரே சமயத்தில் தீர்ப்பு ஒலித்தது. படத்திலுள்ள இடம் கங்கைகொண்ட சோழபுரம், கோயில் வளாகத்துச் சிங்கமுகக் கிணறு. புகார்தாரரின் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். தாலுகா எல்லை மீறப்படவில்லை. பொய்ப் புகார் கொடுத்தால், விதிப்படி உடல்மாற்று அந்தக் கணமே ரத்து.

கண் இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது காலடியில் புல்தரை இருந்தது. மருதவாணனுக்குத் தன் சொந்த முழங்கால் வலித்தது. எதிரே கல்மேல் கல்லாக ஏறி, மேலே போகப் போகக் குறுகி, ஆயிரம் வருடத்துக்கு மேலான கோயில் விமானம் ஒன்று நின்றது. சாயங்கால வெயில் அதன் ஒரு பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. புறவழிச்சாலையில் போகும்போதெல்லாம் அதன் உச்சி மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்ல ஒருநாளும் தோன்றியதில்லை.

செங்கமலம் அழுதாள். ஏறாமல் விட்ட அந்தப் படிகளுக்காகத்தான் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அந்தப் புண்ணியவான் பாதியில விட்டதையாவது நான் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவருக்காகக் காத்திராமல் நடந்தாள்.

அதே நேரத்தில், யுகத்தான் கடற்கரையில் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. பெலிப்பே ஏக் பிரமிடின் முதல் படியில் கண் விழித்தார். பிறந்தது முதல் அதற்குப் பக்கத்து ஊரில் வாழ்ந்தும் ஒருநாளும் அங்கே போயிராத அந்த மனிதர், நிமிர்ந்து அதன் உச்சி வரை பார்த்து அசந்துபோய், வரிசையில் பின்னால் நின்றவரிடம் இது எந்த நாடு என்று கேட்டார்.