வெர்னின் டிரெய்லருக்குப் புதுத் தரை

வியாழக்கிழமை எண்ணியபோது அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையில் நிற்கும் டிரெய்லர் வீட்டைத் திறந்து பார்த்தால் அறுபத்துநான்கு.

லாய்ட் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடி போடாமல் எண்ணினால் இப்படித்தான் ஆகும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழங்காலுக்கு ஒரு பழைய தலையணையைக் கொடுத்து, குளிர்பெட்டியிலிருந்து வாசல்வரை ஊர்ந்து ஊர்ந்து மறுபடி எண்ணினான். தரையில் ஒட்டியிருந்த பழைய வினைல் ஷீட்டில், சுத்தியலின் விளிம்பு பதிந்த பிறை வடிவப் பள்ளங்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அறுபத்தொன்றுக்கும் முந்தின நாளே சாம்பல் நிறப் பட்டி வைத்துத் தேய்த்து மட்டமாக்கியிருந்தான். இந்த மூன்று மட்டும் பட்டி படாமல், விளிம்பு கூராக, வாசலுக்கு ஒரு சாண் உள்ளே வரிசையாக இருந்தன. டிரெய்லர் இரவெல்லாம் பூட்டிக் கிடந்தது. சாவி அவன் பேண்ட் பையில்.

"நேத்து விட்டுப்போயிருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். பட்டியைக் குழைத்து அந்த மூன்றையும் அடைத்தான்.

இந்த வேலையை அவனேதான் செய்யவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விஸ்கான்சினில் வருஷத்துக்கு ஆறு மாசம் பனியும் சேறும்தான். தரை கெடாத டிரெய்லர் கிடையாது, தரை போடும் ஆள் இல்லாத ஊரும் கிடையாது. ஒரு போன் போதும். ஆனால் அவன் போனைத் தொடவில்லை. வருகிறவன் தொழில் தெரிந்தவனாக இருப்பான். குனிந்து பார்ப்பான். பள்ளங்கள் குளிர்பெட்டியடியில் நெருக்கமாகத் தொடங்குவதும், பிறகு ஒரு கை எட்டும் தூரத்துக்கு ஒரு கொத்தாக வாசலை நோக்கி நகர்வதும் அவன் கண்ணில் படும். தவறி விழுந்த சுத்தியல் அப்படி வரிசை பிடித்து நடக்காது என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

லாய்டின் அண்ணன் வெர்ன் போன மார்ச்சில் இந்த டிரெய்லரில் தூக்கத்திலேயே இறந்துபோனான் என்பது ஊரறிந்த செய்தி. லாய்ட் சொன்ன செய்தி.

வீட்டை இழந்த வெர்ன் தன் டிரெய்லரைக் கொண்டுவந்து தம்பியின் கொல்லையில் நிறுத்திக் குடியிருந்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் ஹீட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. குளிர் தீரும்வரை வீட்டுக்குள் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். "நீயா தேடிக்கிட்ட வாழ்க்கைதானே, நீயே சூடு பண்ணிக்க" என்று சொல்லிவிட்டான் லாய்ட். அதோடு பேச்சு நின்றது. மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாய்ட் டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக், டக். ஹீட்டரைத் தட்டிக் காட்டி என்னை வரவழைக்கப் பார்க்கிறான், வேண்டுமென்றால் கதவுக்கு வந்து கேட்கட்டும் என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினான். திங்கட்கிழமையும் கேட்டது, மெதுவாக. செவ்வாய் மத்தியானம் நின்றது. நின்றபோது லாய்டுக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. புதன்கிழமை போய்த் திறந்தபோது வெர்ன் தரையில் குப்புறக் கிடந்தான். வாதம் தாக்கி முகத்தின் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, ஒரு கால் பின்னால் இழுபட்டு, சுத்தியல் பிடித்த கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. வாசலுக்கு ஒரு சாண்தான் பாக்கி. லாய்ட் அவனைத் தூக்கிப் படுக்கையில் போட்டான், கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்தினான், சுத்தியலைப் பெட்டியில் போட்டு மூடினான். அதற்கப்புறம்தான் போலீசுக்குப் போன் செய்தான். "நேத்து ராத்திரி என்கூடத்தான் சாப்பிட்டான்" என்று சொன்னான். உறைந்துபோகும் குளிரில் கிடந்த உடம்பைப் பார்த்து யாரும் நாளை எண்ணவில்லை. இருதய நோயாளி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அடக்கத்தன்று வெர்னின் ஒரே மகள் கொரின் லாய்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசி ராத்திரி நீங்க கூட இருந்தீங்களே சித்தப்பா, எனக்கு அது போதும்" என்றாள். அன்றைக்கு வெட்கத்தில் அவனுக்குக் காதுமடல் எரிந்தது. இன்னும் எரிகிறது. இப்போது கொரின் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அதிலேயே குடியிருக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதற்குள் இந்தத் தரை அவள் கண்ணுக்கு மறையவேண்டும்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து ஏரிக்கரையிலிருந்து ஹார்லன் வந்தார். ஷீட் ஒட்டும்போது மேலே ஓட்டும் இரும்பு உருளையை லாய்ட் இரவல் கேட்டிருந்தான். ஐம்பது கிலோ கனம். அதைப் படியேற்றுவதற்குள் கிழவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏண்டா, இத வச்சு ரோடு போடப்போறியா?" என்றார். பள்ளங்களை மறைத்து லாய்ட் தரை முழுக்க அட்டை விரித்திருந்தான். "பழசக் கிழிக்கலையா நீ?"

"எப்படிக் கிழிக்கிறது? ஃபேக்டரியில முதல்ல தரையப் போட்டுட்டு அதுமேலதான் செவரு, அலமாரி எல்லாம் நிறுத்துறான். எல்லாத்துக்கும் அடியில ஓடுது."

"அலமாரி ஓரமா கத்தியப் போட்டு அறுத்து எடுக்கணும்டா சோம்பேறி. எங்க மச்சினன் அப்படித்தான் எடுத்தான்."

"மேலயே ஒட்டிடலாம்னு இருக்கேன்."

"ஒட்டு. ஆனா இது மெல்லிசு சரக்கு. அடியில ஒரு மணல் கெடந்தாலும் ஒரே வாரத்துல மேல காட்டிக் குடுத்துடும், அப்புறம் என்னச் சொல்லாத." அறுத்து எடுத்தால் அந்தத் துண்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, யார் கண்ணில் படும் என்பதையெல்லாம் லாய்ட் அவரிடம் சொல்ல முடியாது. ஹார்லன் பூட்ஸ் நுனியால் ஒரு அட்டையை நகர்த்தினார். பட்டி வைத்த பிறைகள் நாலைந்து தெரிந்தன. "என்னடா இது, மரங்கொத்தி குடியிருந்துச்சா?"

"வெர்ன் கைவேலை. சுத்தியலக் கீழ போட்டுக்கிட்டே இருப்பான்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அந்த வாரம் நான் ஏரியில பனிக்கட்டியத் துளைச்சு மீன் புடிச்சிக்கிட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமையும் தட்டுற சத்தம் கேட்டுச்சு, திங்கக்கெழமையும் கேட்டுச்சு. சரி, அண்ணனும் தம்பியும் சமாதானமாயி ஹீட்டரச் சரி பண்றாங்கன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சுடா எனக்கு."

லாய்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அட்டையைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டான்.

"நான் ஒரு கை புடிக்கவா?"

"வேணாம் ஹார்லன். நானே பாத்துக்கறேன்."

அவர் போனதும் கதவைச் சாத்தினான். அட்டைகளை எடுக்கும்போது கண்ணைத் தரையில் படாமல் வைத்துக்கொண்டான், இன்று எண்ணப்போவதில்லை. மூலை முடுக்கெல்லாம் காகிதத்தை விரித்து அளவெடுத்து, அதை ஷீட்டின்மேல் வைத்து வெட்டினான். கொல்லையில் பைன் ஊசிகள் டிரெய்லரின் கூரைமேல் உதிர்ந்துகொண்டே இருந்தன. பசை டப்பாவைத் திறந்ததும் கண் கரிக்கும் புளித்த நெடி நிறைந்தது. அந்த நெடிக்கடியில் வேறொன்றும் இருந்தது: வெர்ன் கடைசிவரை போட்டுக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையின் ஈர வாடை, எத்தனை தடவை கழுவியும் போகாத, மண்ணெண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. குளிர்பெட்டிப் பக்கமிருந்து தொடங்கிப் பல்பல்லான விளிம்புள்ள பூச்சுக் கரண்டியால் பசையைத் தடவிக்கொண்டே பின்வாங்கி, புது ஷீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தான். வாசலுக்கு வந்து சேர்ந்தபோதுதான், மூன்று நாளாக அண்ணன் ஊர்ந்த அதே வழியில், அதே வாக்கில், முழங்காலிட்டுத் தானும் ஊர்ந்து வந்திருப்பது அவனுக்கு உறைத்தது. அவமானத்தில் உடம்பு கூசியது.

உருளையை ஓட்டினான். இரும்புச் சக்கரம் தரையில் கரகரவென்று போனது. திரும்பும் இடத்தில் நிறுத்தினான்.

டக், டக், டக்.

உருளையின் அச்சு ஆடுகிறது. அவ்வளவுதான். மறுபடி ஓட்டினான். குளிர்பெட்டி முனைக்குப் போய் நிறுத்தினான்.

டக், டக், டக்.

இந்த முறை உருளை அசையவே இல்லை. சத்தம் சக்கரத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. காலுக்கு நேர் கீழே. பூட்ஸின் அடி வழியாக முழங்கால்வரை ஏறியது.

அலமாரியில் வெர்னின் ரேடியோ இருந்தது. லாய்ட் அதைப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான். உருளையை நிறுத்தாமல் ஓட்டினான். முன்னும் பின்னும். முன்னும் பின்னும். தோள் விட்டுப்போகும்வரை. சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும்போது நிறுத்தி, ரேடியோவை அணைத்தான்.

ஒன்றும் இல்லை. தரை கண்ணாடி போல வழவழவென்று கிடந்தது. ஒரு பிறை இல்லை.

அப்பாடா என்றிருந்தது. அந்த வார்த்தை வந்ததும் மூஞ்சியில் யாரோ அறைந்தது போலிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "மன்னிச்சிடுண்ணே" என்றான், கூரைமேல் உதிரும் பைன் ஊசிகளுக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாக. யாருக்குக் கேட்கவேண்டுமோ அவர்களுக்குச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. எழுந்து பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொரின் வந்தாள். லாரி போன்ற பெரிய வண்டி, கையில் பூசணி ரொட்டி, அப்பாவைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. சேறு ஒட்டிய பூட்ஸைப் படியிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே ஏறினாள்.

"ஐயோ சித்தப்பா! நீங்களே போட்டீங்களா இத?"

"ஆமாம்மா."

"அப்பா இருந்திருந்தா வேணும்னே சேத்துக் காலோட ஏறி ஒரு சுத்து நடந்துட்டு, 'பரவால்ல, சுமாரா இருக்கு'ன்னு சொல்லியிருப்பாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்காக எவ்வளவு செஞ்சிட்டீங்க. நான் உங்களுக்கு எப்படி..."

டக், டக், டக்.

கொரின் கீழே பார்த்தாள். "என்ன சத்தம்?"

இப்போது சொல்லலாம். லாய்டுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும். உன் அப்பா தட்டினார், எனக்குக் கேட்டது, நான் வரவில்லை. இந்த மூன்றைச் சொல்லிவிட்டால் அவள் கத்துவாள், அடிப்பாள், இனி அவன் முகத்தில் விழிக்கமாட்டாள். ஆனால் இந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகமாட்டாள். வாய் திறந்தது.

"ஒண்ணுமில்லம்மா. அடியில தண்ணிக் குழாய். குளிருக்குச் சுருங்குது."

டக், டக், டக்.

லாய்டின் கை தானாக அலமாரிக்குப் போனது. ரேடியோவைப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான்.

கொரின் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முழங்காலிட்டாள். வாசலுக்கு ஒரு சாண் உள்ளே. உள்ளங்கையை ஊன்றினாள். குனிந்து, வலது கன்னத்தைப் புதுத் தரையில் வைத்துப் படுத்தாள்.

"எழுந்திரும்மா. பசை காயல."

எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். லாய்ட் இன்னும் கூட்டினான். அவள் உதடு நிற்கவில்லை. முப்பது. நாற்பது. அவனும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தான். அறுபத்தொன்று. அறுபத்துநான்கு. அதற்கு மேலும்.

பிறகு அவள் இடது கை விரலை மடக்கினாள். தரையைத் தட்டினாள். மூன்று தட்டு. மார்ச்சில் மூன்று நாளும் யாரும் பதிலுக்குத் தட்டாத தட்டு.

கீழே எல்லாம் நின்றது.

கொரின் மெல்லத் தலையைத் தூக்கினாள். தரை வழவழவென்றே இருந்தது, ஒரு கீறல் இல்லை. அவள் வலது கன்னம் முழுக்கப் பிறைகள். சின்னச் சின்னப் பிறைகள். சிவப்பாக, நெருக்கமாக, காதடியில் தொடங்கி வாயை நோக்கி வரிசையாக.

"எத்தன நாள், சித்தப்பா?"

லாய்டின் கை ரேடியோவின் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அது எப்போதோ கடைசிக்கு வந்து நின்றுவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உதட்டோரத்தில் இன்னொரு பிறை சிவந்து எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.