நான்காம் மாடிக்கு மெல்ல மெல்ல

"லிஃப்ட் ஓடாது."

குரல் பூமிக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் இரண்டு ஊன்றுகோல்களிலும் தொங்கியபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். மழையில் நனைந்த கூந்தல் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரையும் காணோம். லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே ஒரு மஞ்சள் தடுப்பு, அதற்கு அப்பால் வெறும் குழி. அந்தக் குழியின் விளிம்பில் முதலில் ஒரு டார்ச், பிறகு கிரீஸ் தடவிய நெற்றி, அதற்குப் பிறகு... இரண்டு கண்கள் எழுந்தன.

தரையோடு தரையாக இருந்த அந்தக் கண்கள் முதலில் அவளுடைய வலது காலின் ஓட்டக் காலணியைப் பார்த்தன. அப்புறம் இடது காலில் தொடை முதல் கணுக்கால் வரை இறுகியிருந்த கறுப்பு பிரேஸை. அதற்கப்புறம்தான் மெல்ல மேலே ஏறி, அவள் முகத்துக்கு வந்து... அங்கேயே நின்றுவிட்டன.

"பாத்து முடிச்சாச்சா?" என்றாள் வெடுக்கென்று.

"சாரி மேடம்... நான் நிக்கிற இடத்துலேருந்து கால்தான் முதல்ல தெரியுது."

"எப்ப ஓடும்?"

"காலா, லிஃப்டா?"

சுருக்கென்றது அவளுக்கு. ஏனென்றால் கடந்த பன்னிரண்டு நாளாக அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

வானிலை அலுவலகத்தில் மேகங்களைப் பார்ப்பது அவள் உத்தியோகம். ஓடுவது அவள் உயிர். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் ஓட வேண்டும் என்று நான்கு வருஷம் விடிவதற்குள் எழுந்து ஓடியவள். கடைசியாக ஓடியபோது மூன்று மணி ஏழு நிமிஷம். இன்னும் ஏழே நிமிஷம்தான் பாக்கி... அப்போதுதான் ஒருநாள் ஈரமான இறக்கத்தில் பாதம் வழுக்கி முட்டி முறுக்கிக்கொண்டது. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். தைத்தார்கள். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"ஒரு மணி நேரம் ஆகும் மேடம். உக்கார நாற்காலி தரட்டுமா?"

"வேணாம். மாடிப்படி இருக்கு."

"எந்த மாடி?"

"நாலு."

"இந்தக் காலோடயா?"

இரக்கம்! அவளுக்குப் பிடிக்காத ஒரே சரக்கு. படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்து, காரை நிறுத்தப் போன அண்ணி வருவதற்குள் பதினோரு படி ஏறிவிட்டாள். பன்னிரண்டாவதோடு சரி. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. நடுப்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலடிச் சத்தம் கேட்டது. அவன்தான். பக்கத்தில் வரவில்லை, கையும் நீட்டவில்லை. மூன்று படி கீழே, கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் ஏத்திவிட வரல... நீங்க ஓய்வெடுக்கிற வரைக்கும் நானும் ஓய்வெடுக்கறேன். அவ்வளவுதான்."

"வேலை இல்லையா உங்களுக்கு?"

"இருக்கே. லிஃப்ட் இல்லாம ஒரு மேடம் படியில நிக்கறாங்க. அவங்க விழுந்தா, கம்பெனிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடே சுவரில் சாய்ந்து படியில் உட்கார்ந்தாள். சன்னல் வழியாகச் சாரல் வந்து இருவர் மேலும் பட்டது.

"இந்த மழை எப்ப நிக்கும்?" என்றான் அவன் பொதுவாக.

"நாலேகாலுக்கு."

அவன் வியந்து பார்த்தான். இமைக்காமல் பார்க்கிற கண்கள்... வேலைக்காரக் கைகளுக்கு மேலே இவ்வளவு மென்மையான கண்களை யார் கொண்டுவந்து வைத்தது?

மழை நாலு இருபதுக்கு நின்றது. லிஃப்ட் நாலரைக்கு ஓடியது. அண்ணி அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டி வந்தாள்.

அந்தக் கட்டிடத்தில் குடியிருந்த நான்கு வருஷத்தில் அவள் லிஃப்டில் ஏறியதே இல்லை. படிகளில் ஓடித்தான் பழக்கம். அது பழைய லிஃப்ட், அவசரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. முனகிக்கொண்டு மேலே போனது. அவன் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில், நடுவில் மூச்சிரைக்கும் அண்ணி. மூன்றாம் மாடி தாண்டியபோது அவளுக்கு ஒரு விபரீதமான ஆசை வந்தது... இது இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா?

"என்ன எக்ஸ்பிரஸ், முகம் செவந்திருக்கு?" என்றாள் அண்ணி, வீட்டுக்குள் போனதும். அண்ணி அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"படி ஏறினேன்ல அண்ணி..."

"ஓஹோ. படி ஏறினதாலயா!"

லிஃப்டின் பழைய பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அவன் வந்தான். அவளோ வீட்டிலிருந்தே மேகப் படங்களைப் பார்த்துக்கொண்டு, காலைப் பழக்கிக்கொண்டிருந்தாள். 'தொடையை இறுக்கு' என்று மூளை கட்டளையிடும். தொடையோ யாரோ அடுத்த வீட்டுக்காரர் மாதிரி சும்மா கிடக்கும். பிசியோ அக்கா கோணமானியை முட்டியில் வைத்து, "எழுபது... இன்னும் கொஞ்சம்... எழுபத்தஞ்சு" என்பாள். எழுபத்தைந்து டிகிரி மடங்கியதற்கு அழுதுவிட்டாள் அந்த ஓட்டக்காரி.

நான்காம் மாடி லிஃப்ட் வாசலில் அவன் நிமிர்ந்து பார்த்துக் கேட்பான்.

"இன்னிக்கு எத்தனை டிகிரி மேடம்?"

"எண்பத்திரண்டு."

"பரவாயில்லையே! என் கதவே எண்பதுலதான் நிக்குது, அடம் பிடிக்குது."

"ரெண்டு பேரையும் பிசியோகிட்ட அனுப்பிடலாம்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த இவ்வளவுக்காக அவள் காலையிலேயே தலைவாரிக்கொண்டாள். எல்லாரும் அவளிடம் 'எப்ப ஓடுவே?' என்றுதான் கேட்டார்கள். இன்றைய டிகிரியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

ஊன்றுகோல்கள் போயின. நடக்க ஆரம்பித்தாள். பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை... அவள் நான்கு வருஷமாகக் காத்திருந்த பந்தயத்தின் நாள் வந்தது. காலையில் போனைத் திறந்தாள். தோழிகள் எல்லாரும் தொடக்கக் கோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பூங்காவுக்குப் போனாள். இருநூறு மீட்டர்... வெறும் இருநூறு மீட்டர்தான். யாருக்குத் தெரியப்போகிறது?

இருபது அடி ஓடியிருப்பாள்.

"நிறுத்துங்க!"

எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவன், பைக்கைச் சாலையோரம் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"வழி விடுங்க."

"நாலரை மாசத்துக்கு ஓடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு என் பந்தயம். எல்லாரும் அங்க ஓடிட்டிருக்காங்க. நான் மட்டும்..."

"லிஃப்ட் கம்பியில ஒரு இழை அறுந்தா வெளியே தெரியாதுங்க. ஒரு துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஓட விடுவோம். அறுந்த இழை துணியில சிக்கும். உங்க முட்டிக்குள்ள போட்ட தையலை யாரு தொட்டுப் பாக்கறது?"

"லிஃப்டை ரிப்பேர் பண்றவர் லிஃப்டோட நிறுத்திக்கங்க. என் காலைப் பத்திப் பேச நீங்க யாரு?"

அந்தக் கண்களில் விளக்கு அணைந்ததை அவள் பார்த்தாள்.

"யாரும் இல்ல மேடம்," என்றான். ஒதுங்கி வழி விட்டான்.

வீம்புக்கு இன்னும் ஐம்பது அடி ஓடினாள். உள்ளே ஏதோ கிள்ளியது. சாயங்காலத்துக்குள் முட்டி பலூனாக வீங்கிவிட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள். தையல் விடவில்லை. "தப்பிச்சே... இன்னும் நூறடி ஓடியிருந்தா மறுபடியும் அறுவை சிகிச்சைதான்," என்றாள் பிசியோ அக்கா. மீண்டும் இரண்டு வாரம் ஊன்றுகோல். இரவல் வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோல் அவள் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குறுக்கே நிற்காமலே இருந்திருந்தால்? அவள் நிச்சயம் நூறடியோடு நிறுத்தியிருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் லிஃப்ட் வேலைக்கு வேறொருவர் வந்தார். வழுக்கைத் தலை, கனத்த மீசை.

"அவரா? வேற பகுதிக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா."

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில் அவன் எண் இன்னும் இருந்தது. 'மன்னிப்பு' என்று ஐந்து எழுத்து அடிப்பாள்... ஐந்தையும் அழிப்பாள். மேகப் படங்களில் மழை எங்கே இறங்கும் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, தன் கௌரவத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. முட்டி முழுசாக மடங்கியது, தொடையில் சதை பிடித்தது. ஒருநாள் பிசியோ அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு ஓடலாம். ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. பத்து தடவை. அதுக்கு மேல ஒரு அடி கூடாது."

குதித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி எக்ஸ்பிரஸ், பச்சைக் கொடி காட்டியும் நகர மாட்டேங்கறே?"

"சொல்றதுக்கு... ஆள் இல்ல அண்ணி."

அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்த மெக்கானிக் வாரா வாரம் எனக்குப் போன் பண்றார். லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு கேப்பார். நல்லா ஓடுதுன்னு சொல்வேன். அதுக்கப்புறம் கால் மணி நேரம் உன் முட்டியைப் பத்தித்தான் பேச்சு."

அவள் நிமிர்ந்தாள். "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். இப்ப உடைச்சுட்டேன். போ!"

அவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது... ஒன்று... இரண்டு...

"சொல்லுங்க மேடம். லிஃப்ட்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஆமா. பெரிய பிரச்சினை."

"இப்ப வர்றவர் நல்ல வேலைக்காரராச்சே..."

"வேலையெல்லாம் நல்லாத்தான் பண்றார். ஆனா... எத்தனை டிகிரின்னு கேக்க மாட்டேங்கறார்."

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றாள். "உங்க மேல கோவம் இல்ல. பயம். ஓட முடியலேன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியாம போயிடுமோன்னு பயம். அதை உங்க மேல எறிஞ்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

"நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். திரும்ப வரத்தான் தைரியம் இல்ல."

"நாளைக்கு சாயங்காலம் தைரியம் இருக்குமா? பூங்காவுல... அஞ்சு மணிக்கு?"

வந்தான். வேலை பூட்ஸோடு வந்தான். தூறல் புல்லைத் தொட்டும் தொடாமலும் விழுந்துகொண்டிருந்தது. அவள் கடிகாரத்தை அழுத்தினாள்.

முதல் அடி... இரண்டாவது அடி... மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டியைக் கேட்டாள். முட்டி எதுவும் சொல்லவில்லை. பத்தாவது அடியில் காற்று முகத்தில் பட்டது. அதே காற்று! ஐந்து மாதமாக எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற காற்று. கண்ணில் நீர் வழிந்தது. மழையா, கண்ணீரா, அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் தொப் தொப்பென்று பூட்ஸ் சத்தம். அவனும் ஓடிவந்துகொண்டிருந்தான், இரைக்க இரைக்க.

கடிகாரம் ஒலித்தது. நடை.

"இதுக்கே... நாக்கு... தள்ளுது மேடம்," என்றான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "நீங்க மூணு மணி நேரம் ஓடுவீங்களா?"

"ஓடுவேன். அந்த ஏழு நிமிஷத்தை நான் விடப்போறதில்ல. எத்தனை வருஷம் ஆனாலும்." அவள் நின்று அவனைப் பார்த்தாள். "அதனால முன்கூட்டியே சொல்லிடறேன். ஓடற நிமிஷம் எல்லாம் எனக்கு. அதுல யாருக்கும் பங்கு தர முடியாது. ஆனா... நடக்கற நிமிஷம் எல்லாம் உங்களுக்கு. எடுத்துக்கறீங்களா?"

தூறல் அவன் இமைகளில் முத்து முத்தாக நின்றது. அவன் கிரீஸ் காய்ந்த உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்து, கூச்சத்தோடு நீட்டினான்.

"எனக்கு அது போதும். அது மட்டும் கிடைக்குமான்னுதான்... இத்தனை நாளா லிஃப்டை விசாரிச்சுட்டிருந்தேன்."

அவள் கையைக் கொடுத்தாள். அந்த நடை நிமிஷம் தீர இன்னும் இருபது விநாடி இருந்தது.