தலைமாட்டுச் சுவர்

ஈரம் பிடித்த சுவர் சில்லென்று இருக்க வேண்டும். கணவர் வெர்லினின் தலைமாட்டுச் சுவரோ வெதுவெதுப்பாக இருந்தது. தலையணை உறையை மாற்றப் போன ஓப்பலின் கை தற்செயலாக அதில் பட்டது, பட்ட வேகத்தில் பின்வாங்கியது. ஹீட்டர் அந்தப் பக்கமே இல்லை. வெளியே ஓரிகன் கடற்கரையின் நவம்பர் மூட்டம் மரங்களுக்கு நடுவே இறங்கி, மதியத்திலேயே விளக்குப் போட வைத்திருந்தது. அவள் விரலால் சுவரை அழுத்திப் பார்த்தாள். பாலில் ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. விரலை எடுத்ததும், அவசரமில்லாமல், தானாக மேலெழுந்து பழைய இடத்துக்கு வந்தது.

சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்தப் பழைய மோட்டார் வீட்டு வண்டியில் ஏறியதிலிருந்து ஓப்பலுக்குப் பழுதுகள் மூன்று ரகம். தானே செய்வது ஒன்று. அடுத்த வண்டிக்கார ராஸ்கோவைக் கூப்பிடுவது ஒன்று. பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவது மூன்றாவது. குழாய் வாஷர், அலமாரித் தாழ்ப்பாள், கதவு ரப்பர் எல்லாம் முதல் ரகம். அவற்றையெல்லாம் கோடையிலேயே ஜம்பமாக முடித்துவிட்டாள். தலைமாட்டுச் சுவர் மட்டும் மூன்றாம் ரகத்தில் கிடந்தது. பயந்துதான் விட்டிருந்தாள், அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

இனி விட முடியாது. வெர்லினுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மகள் கொரீன் போன வாரம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அந்த டப்பாவுக்குள்ள பூஞ்சக் காத்த இழுத்துக்கிட்டு அப்பா கிடக்கணுமாம்மா? இந்தக் குளிருக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரின்னு போனாருன்னா, அப்புறம் முதியோர் இல்லந்தான். நான் பாத்து வச்சுட்டேன்." அந்த இல்லத்தில் அவருக்கு மட்டும்தான் படுக்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கட்டிலில் படுத்தவள் ஓப்பல். அவர் மூச்சைக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டு குட்டை மூச்சு, ஒரு சின்னத் தடங்கல், பிறகு ஒரு நீளமான மூச்சு. சுவர் காய வேண்டும். இல்லையென்றால் அவர் போய்விடுவார்.

"ஊதிப் பாத்துருவோம் அம்மணி," என்றார் ராஸ்கோ. உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரும் அவளைப் போலவே, குளிர்காலத்தில் இந்த முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாக வண்டி நிறுத்த இலவச இடம் வாங்கிக்கொண்டவர்.

"கிழவன உள்ள வச்சு ஊதிராதீங்க, பறந்துருவேன்," என்று கட்டிலிலிருந்து வெர்லின் மூச்சு இளைத்தபடியே சிரித்தார்.

"போயேன் கிழவா, எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்," என்று சொல்லிக்கொண்டே ஓப்பல் அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டாள். கையடக்க ஆக்சிஜன் உருளையோடு அவரை ராஸ்கோவின் வண்டிப் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கையில் காப்பியைக் கொடுத்தார்கள்.

பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். ஜன்னல்களை மூடி, கூரைத் துவாரத்தில் மெஷினைப் பொருத்தி, சந்துபொந்தை டேப்பால் அடைத்து உள்ளே காற்றை நிரப்ப வேண்டும். வெளியே சுற்றி வந்து பாத்திர சோப்புத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. ராஸ்கோ ஏணியில் நின்று கூரையைப் பார்க்க, ஓப்பல் கீழே பக்கவாட்டில் தெளித்துக்கொண்டே போனாள். ஜன்னல் மூலையில் பொடிப்பொடியாக நுரை. பக்க விளக்கைச் சுற்றி ஒரு வளையம். தலைமாட்டுச் சுவரின் வெளித்தையலில், தகடும் தகடும் சேருகிற இடத்தில், முஷ்டி அளவுக்கு ஒரே குமிழி.

"கண்டுபிடிச்சாச்சு, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

மெஷின் நின்றது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் திரும்பி வந்தது. ஜன்னல் நுரை அடங்கியது. விளக்கு வளையம் அடங்கியது. தையலில் இருந்த குமிழி அடங்கவில்லை. அது சுருங்கித் தையலுக்குள் போனது, மறுபடி உப்பி வெளியே வந்தது. மரப்பட்டையும் பழைய போர்வையும் கலந்தது மாதிரி ஒரு வாடை அதிலிருந்து அவள் முகத்தில் அடித்தது, அவளுக்கு நன்றாகப் பழக்கமான வாடை. இரண்டு தரம் குட்டையாக. ஒரு தடங்கல். பிறகு நீளமாக.

ஓப்பல் திரும்பிப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே வெர்லின் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் ஏறி இறங்கியது. குமிழியும் ஏறி இறங்கியது.

"உள்ள மாட்டின காத்து, அம்மணி. போகப் போக நின்னுரும்," என்றார் ஏணியிலிருந்து இறங்கிய ராஸ்கோ. அவர் குமிழியைக் கொஞ்ச நேரம்கூடப் பார்க்கவில்லை. "ஆனா இத மேலோட்டமா மூடிராதீங்க. உள்பலகைய அறுத்துத் திறந்து, காயவச்சு, அப்புறம் மூடணும். ஈரத்த உள்ள வச்சு அடச்சா சுவரு செத்துரும்."

"அறுக்க எத்தன நாளாகும்?"

"ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அவரு எங்க படுப்பாரு?"

மேற்கே கடல் பக்கம் வானம் ஈயமாகக் கறுத்திருந்தது. ஒரு வாரம் சுவரில்லாமல் இந்தக் குளிரில் படுத்தால் ஆஸ்பத்திரிதான், ஆஸ்பத்திரி என்றால் கொரீன்தான். தவிர, அந்தப் பலகையை அறுத்தால் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். தானே செய்யக்கூடிய சின்ன வேலையையே தேர்ந்தெடுத்தாள். தையலைத் துடைத்தாள், பசைக்குழலை அழுத்தி நெடுக இழுத்தாள், மேலே அகலமான டேப்பை ஒட்டித் தேய்த்தாள். டேப்புக்கு அடியில் ஏதோ ஒன்று ஒரு தரம் முட்டியது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு முட்டவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ராஸ்கோ தன் வண்டிக்குப் போய்விட்டார். வெர்லினைக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கில் குழாயை மாட்டி, ஓப்பல் சூப்பைச் சூடாக்கினாள். கூரையில் மழை இரைந்தது. மெஷின் உறுமியது. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் எப்போதும் இருக்கும் மூன்றாவது சத்தத்தை, அந்த மூச்சை, அவள் காது பழக்கத்தால் தேடியது. காணோம்.

"காத்தே இல்ல ஓப்பல்," என்றார் வெர்லின். "அந்த ஜன்னலத் தொற."

திறந்தாள். மழை உள்ளே தெறித்தது, திரை படபடத்தது.

"தொறன்னு சொல்றேன்ல."

"தொறந்துதான் இருக்கு!"

அவர் வாய் திறந்திருந்தது. மீன் வாய் போலத் திறந்து மூடியது. உதடு நீலம். மெஷினைக் கூட்டினாள். குழாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், காற்று வந்துகொண்டுதான் இருந்தது. தலைமாட்டுச் சுவரைத் தொட்டாள். அது சில்லிட்டுக் கல்லாகக் கிடந்தது.

தான் அடைத்தது அவர் மூச்சை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கறிவெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மழையில் ஓடினாள். சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். டேப்பின் ஓரம் நகத்துக்கு அகப்படவில்லை. கத்தியைச் சொருகிக் கிழித்தாள். பசை இன்னும் காயாமல் நூல் நூலாக வந்தது. குடைந்தாள். தையல் பிளந்தது.

அது காற்றை உள்ளே இழுத்தது. நீளமாக, தண்ணீரில் முங்கி மேலே வந்தவன் இழுப்பதுபோல. மழைத்தண்ணீரையும் பசையையும் அவள் தலைமுடியையும் சேர்த்து இழுத்தது.

"மூச்சு விடு," என்று அழுதாள். "மூச்சு விடு, கிழவா, மூச்சு விடு."

விட்டது. இரண்டு குட்டை. தடங்கல். ஒரு நீளம்.

உள்ளே ஓடினாள். விளக்கு எரிந்தது. வெர்லின் கட்டிலில் மல்லாந்திருந்தார். வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது. மார்பில் கை வைத்தாள். காதை வைத்தாள். ஒன்றுமில்லை. பின்னால் சுவர் உப்பியது. தாழ்ந்தது. உப்பியது.

"ஓப்பல்."

அவர் உதடு அசையவில்லை. குரல் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் குரல்தான், இளைப்பே இல்லாமல், கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி.

"ஈரத்தோட நிக்காத. வந்து உன் எடத்துல படு."

அவளுக்குப் போக மனமில்லை. ஆனாலும் போனாள். கட்டிலில் தன் பக்கம் உட்கார்ந்தாள். ஓடி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. வேகவேகமாக. அந்தச் சத்தம் அவளுக்கு இடது பக்கத்திலிருந்தும் கேட்டது. அவள் தலையணைக்குப் பக்கத்துச் சுவர். உப்பியது, தாழ்ந்தது. வேகவேகமாக.

ஓப்பல் வாயை இறுகப் பொத்தினாள். மூக்கைப் பிடித்தாள். மூச்சை அடக்கினாள்.

அவள் பக்கத்துச் சுவர் மூச்சை நிறுத்தவில்லை.