பதினேழாம் எண் உறை

2015 பிப்ரவரி 10, செவ்வாய். பிற்பகல் 3.40.

பதிவறை எழுத்தர் பழனிசாமி பீரோவைத் திறந்தார். நாற்பது உறைகளும் வரிசையாக இருந்தன. பதினேழாம் எண் உறையின் அரக்கு மட்டும் இரண்டாக உடைந்திருந்தது.

அவர் அதைத் தொடவில்லை. பீரோவை மறுபடி பூட்டினார். பிறகு போய் டாக்டர் மதிவாணனின் கதவைத் தட்டினார்.

மாலை 4.30.

உதவி ஆய்வாளர் சந்திரகலா ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு மாடி ஏறினார். வடக்குத்துச் சாலையில் இருந்த சிறிய எலும்பு மருத்துவமனை அது. மாடிக்கு இருபத்து நான்கு படிகள். கைப்பிடியில் பக்கத்து அனல் மின் நிலையத்துச் சாம்பல் மெல்லிதாகப் படிந்திருந்தது.

"என்ன போச்சு டாக்டர்?"

"ஒண்ணும் போகல. ஒரு உறையை யாரோ பிரிச்சுப் பார்த்திருக்காங்க."

"அதுக்கா போலீஸ்?"

மதிவாணன் விளக்கினார்.

வயதானால் முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் சவ்வு தேய்ந்து கிழியும். நுண்துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, கிழிந்த ஓரத்தைச் சீவி எடுப்பார்கள். வலி குறைந்துவிடும். ஆனால் குறைவது சீவியதாலா, சீவிவிட்டார்கள் என்ற நம்பிக்கையாலா? அதைச் சோதிக்கத்தான் நாற்பது பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான அறுவை. மீதிப் பேருக்கு மயக்க மருந்து, இரண்டு துளை, உள்ளே ஒரு பார்வை, தையல். அவ்வளவுதான். யாருக்கு எது என்பது உறைக்குள் இருக்கும் கார்டுக்குத்தான் தெரியும். சென்னையிலிருந்து வந்த அறுவை நிபுணர் தியேட்டருக்குள் அதைப் பிரித்துப் பார்த்து, முடிந்ததும் திரும்ப அரக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி திறக்க வேண்டும்.

"நோயாளிகளைப் பரிசோதிக்கிற எனக்கே தெரியக் கூடாது. நோயாளிக்குத் தெரியவே கூடாது."

"தெரிஞ்சா?"

"ஆய்வுல ஒரு ஆள் குறைவான். அதை விடுங்க. நல்லா நடந்துகிட்டு இருக்கிற மனுஷன் நடப்பானான்னு எனக்குத் தெரியாது."

சந்திரகலா கடலூர் கைரேகைப் பிரிவில் மூன்று வருடம் இருந்தவர். பையிலிருந்து கரும்பொடியையும் தூரிகையையும் எடுத்தார். உறைக்குள்ளிருந்த கார்டு வழவழப்பானது. அதில் இரண்டே சொற்கள் அச்சாகியிருந்தன.

பார்வை மட்டும்.

பொடியைத் தூவி ஊதினார். கார்டின் ஓரத்தில் ஒரு பெருவிரல் தடம் அடர்ந்த கறுப்பாக எழுந்து வந்தது. ஒரு ரேகைகூட இல்லை. மொழுமொழுவென்று ஒரு கறை.

"கையுறை" என்றார் மதிவாணன். அவருடைய பார்வை வாசலில் நின்ற நர்ஸ் சத்யா மீது போய் நின்றது.

"சார், நான் ஏன் சார் பிரிக்கப்போறேன்? தியேட்டர்ல நான் இருந்தேனே. அப்பவே எல்லாம் எனக்குத் தெரியுமே."

"ஆறு மாசம் கழிச்சு நாப்பது பேர்ல யாருக்கு எதுன்னு ஞாபகம் இருக்குமா? நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் பாக்குறேன் சத்யா. அப்புறம் நீ வர வேண்டாம்."

சத்யா அழவில்லை. கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மாலை 5.15. பதிவறை.

"பீரோ சாவி எங்க இருக்கும்?"

"நாள்காட்டிக்குப் பின்னாடி மாட்டியிருப்பேன் மேடம்" என்றார் பழனிசாமி.

"எல்லார் முன்னாடியும் எடுப்பீங்களா?"

"பத்துத் தடவை எடுக்கணும் மேடம். எங்க போய் ஒளிக்கிறது?"

"இன்னைக்கு இந்த அறை எப்ப காலியா இருந்துச்சு?"

"பன்னெண்டு மணிக்கு. படி ஏத்தம் பாத்தோம். ஆறு மாசம் ஆனவங்க எவ்வளவு நேரத்துல படி ஏறி எறங்குறாங்கன்னு டாக்டர் பாப்பாரு. ஸ்டாப்வாட்ச் என் கையில. இன்னைக்கு ஒருத்தர்தான், கண்ணையன். இதே பதினேழு. நாலு தடவை ஏறி எறங்குனாரு. நடுவுல ஓய்வோட சேத்து இருபது நிமிஷம் ஆச்சு."

"அந்த நேரம் மாடியில யாரு?"

"சத்யா கட்டுப் போடுற ரூம்ல. வேற யாருமில்ல மேடம்."

"யாருமே இல்லையா?"

"பெஞ்சுல கண்ணையன் சம்சாரம் உக்காந்திருந்துச்சு. அது கைநாட்டு மேடம். அதுக்கு என்ன தெரியும், பாவம்."

சந்திரகலா பதினேழாம் எண் கோப்பைக் கேட்டு வாங்கினார். கண்ணையன், வயது நாற்பத்தெட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, கரி ஓடும் பெல்ட்டில் துப்புரவு. சம்மதப் படிவத்தில் அவருடைய கோணலான கையெழுத்து. சாட்சி: மனைவி ஆதிலட்சுமி. பெயருக்குக் கீழே ஊதா மையில் விரல் வைத்த இரண்டு பொட்டுகள்.

"ஏன் ரெண்டு?"

"மொதல்ல வச்சது மை அதிகமாயிருச்சு. ரெண்டாவதும் அப்படித்தான் வந்துச்சு. போதும்னு விட்டுட்டேன்."

சந்திரகலா படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. கையெழுத்து விட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

பிப்ரவரி 11, புதன். காலை 10.20.

கண்ணையன் படி ஏறி வந்தார். உண்மையில் ஓடி வந்தார், இரண்டு இரண்டு படியாக. பின்னால் ஆதிலட்சுமி துணிப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

"மெதுவா போங்களேன்."

"என்னா புள்ள நீ? நேத்துலேர்ந்து என்னைக் கெழவனாக்கினு இருக்க." அவர் சந்திரகலாவைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க மேடம், கொடத்தத் தூக்க வுட மாட்டேங்குறா. இந்தப் பையக்கூடக் குடுக்க மாட்டேங்குறா."

"எதுல வந்தீங்க?"

"பஸ்ஸுலதாங்க. சைக்கிள் சாவி எங்கயோ உழுந்துடுச்சி. வூடு பூரா தேடிட்டேன். இங்க வந்ததுல இவளுக்கும் இன்னிக்கி வேலை போச்சி. பண்ருட்டில முந்திரி ஒடைக்கப் போறா, பதினஞ்சி வருசமா."

"கால் எப்படி இருக்கு?"

"காலா?" அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தார். "ஆபரேசனுக்கு முன்னாடி கக்கூஸ்ல உக்கார முடியாதுங்க. இப்ப பெல்ட்டு மேல எம்பது படி ஏறி எறங்குறேன். மதிவாணன் சார் தெய்வங்க."

மதிவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பெஞ்சுல இருங்க கண்ணையன். இவங்க கையெழுத்துதான் விட்டுப்போச்சு" என்றார் சந்திரகலா.

காலை 10.30. டாக்டர் அறை.

உள்ளே ஐந்து பேர். மதிவாணன், பழனிசாமி, சத்யா, சந்திரகலா, ஆதிலட்சுமி. சந்திரகலா மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

"உங்க பேரை எழுதுங்க."

பழனிசாமி குறுக்கிட்டார். "மேடம், அதுக்குத்தான் எழுத..."

"நீங்க அவங்களைக் கேட்டீங்களா பழனிசாமி? எழுதத் தெரியுமான்னு?"

பழனிசாமி தலையைச் சொறிந்தார். "கான்ட்ராக்ட் ஆளுங்க வூட்டுப் பொம்பளைங்க... பொதுவா நான் மை டப்பாவத் தள்ளிடுவேன் மேடம்."

"தள்ளுனீங்க. அவங்களும் ஒண்ணும் சொல்லாம விரலை வச்சாங்க. அன்னையிலேர்ந்து இந்த ஆஸ்பத்திரியில அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலதான் நேத்து அவங்க பெஞ்சுல இருந்தும், 'யாருமில்ல'ன்னு சொன்னீங்க."

ஆதிலட்சுமி தாளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

"அந்தக் கதவச் சாத்துறீங்களாம்மா? அவருக்குக் கேக்கும்."

சத்யா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆதிலட்சுமி பேனாவை எடுத்தாள். க. ஆதிலட்சுமி. அழகான, உருண்டையான எழுத்து.

"பத்தாவது வரைக்கும் படிச்சேங்க" என்றாள்.

சந்திரகலா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கார்டுல இருந்தது கையுறையோட தடம் இல்ல டாக்டர். கையுறைக்கு வியர்வை கிடையாது, எண்ணெய்ப்பசை கிடையாது. பொடி இவ்வளவு அடர்த்தியா ஒட்டாது. தியேட்டர்ல இதைத் தொட்டவங்க எல்லாரும் கையுறைதான். அதனால அவங்க தடம் எதுவும் இல்ல. இது வெறும் விரல். ரேகை இல்லாத விரல். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலை அரிச்சிடும். சாம்பல் பூசிக்கிட்டு உடைச்சாலும் வருஷக்கணக்குல ரேகை தேஞ்சு போயிடும். பண்ருட்டிப் பக்கம் ஆதாருக்கு மெஷின் ஏத்துக்காத கை எத்தனையோ பாத்திருக்கேன். சம்மதப் படிவத்துல ரெண்டு பொட்டு இருக்கு. மை அதிகமாகல. ரெண்டு தடவையும் அந்த விரல்ல இருந்தது அவ்வளவுதான்."

ஆதிலட்சுமி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நேத்து மதியம் வரைக்கும் அவரே குடம் தூக்கினாரு, சைக்கிள்ல போனாரு. இன்னைக்கு ஒரு பையைத் தூக்க விடல நீங்க. சைக்கிள் சாவி எங்கம்மா?"

"அரிசி டின்னுல போட்டு வச்சிருக்கேன்" என்றாள் ஆதிலட்சுமி.

"ஏன் பிரிச்சீங்க?" கேட்டவர் மதிவாணன். கோபமாகத் தொடங்கிய குரல் பாதியில் தணிந்துவிட்டது.

அவள் சத்யாவைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு பெல்ட்டு மேல ஏறுறப்ப எனக்குக் கையி ஓடாதுங்க. ஷிப்டு முடிஞ்சி வர வரைக்கும் ஒரே பயம். அங்க உழுந்தா எலும்புகூடத் தேறாது. உள்ள சரி பண்ணிட்டாங்கன்னு ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன். நல்லதாத்தான் எழுதியிருக்கும்னு நெனச்சிதாங்க பிரிச்சேன். அவரு அப்படி நடக்குறாரே, வேற என்னா எழுதியிருக்கும்?"

அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்க, ரேகையில்லாத அந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றார் மதிவாணன். "அவர் காலுக்கு ஒண்ணும் ஆகல. சீவாமலே சரியாகலாம். சீவறதே வீணோ என்னமோன்னுதான் நாங்க இதைச் செய்யறோம்."

"உங்களுக்கு அது தெரியுமாங்க?"

மதிவாணன் யோசித்தார். "இன்னும் தெரியாது."

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. நான் சொல்லல. சாவுற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டோம். சத்யா பேர்லயும் ஒண்ணும் இல்ல" என்றார் சந்திரகலா. "முகத்தைக் கழுவிட்டுப் போங்க."

காலை 10.55.

ஆதிலட்சுமி முகத்தைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணையன் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"முடிஞ்சிதா?"

"ம். கையெழுத்துதான். திரும்பப் போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்."

"கண்ணு ஏன் செவந்து கெடக்கு?"

"ஆஸ்பத்திரி மருந்து நெடி."

அவர் சரி என்பதுபோல் தலையாட்டினார். படியை நோக்கி நடந்தார். முதல் படியில் காலை வைக்கப் போகும்போது, அவளையும் அறியாமல் ஆதிலட்சுமியின் கை நீண்டு அவர் முழங்கையைப் பிடித்தது.

கண்ணையன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற நான்கு பேரையும் பார்த்தார். அவர்களில் ஒருவரும் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை.

சந்திரகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னிடம் இருந்த தடயங்களில் பாதிக்கு மேல் இவரிடமும் இருந்தன. குடம், பை, சாவி, இந்தக் கை.

"லட்சுமி" என்றார் கண்ணையன், மெதுவாக. "சைக்கிள் சாவிய நீதான எடுத்து வச்ச?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் மேல்படியிலேயே நின்றார். கீழே இருந்த இருபத்து நான்கு படிகளையும் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு வலது கை கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. ஒரு காலை இறக்கினார். மற்றக் காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நின்றார். அடுத்த படி.

மதிவாணன் ஓடி வந்து படிமுனையில் நின்றார். "கண்ணையன்! நேத்து நாலு தடவை ஏறினது உங்க கால்தான். அதே கால்தான் இது."

"தெரியுங்க சார்" என்றார் கண்ணையன். கைப்பிடியை விடவில்லை.

ஆதிலட்சுமி அவரைக் கடந்து இரண்டு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டி நின்றாள். அவர் தன் இடக்கையை அவள் தோளில் வைத்தார். இருவரும் இறங்கினார்கள். கைப்பிடியின் சாம்பலில் அவருடைய கை போன வழி கடைசிப் படி வரை நீளக் கோடாகக் கிடந்தது.