சீப்பில் கற்பூர நெடி

புதுச் சீப்பில் கற்பூர நெடி அடித்தது. மத்தியானம்தான் கணவன் ரவூஃப் அதைப் பட்டுத்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அலெக்ஸாண்டிரியாவின் கடற்காற்று சன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படியில் பூண்டு பொரியும் வாசனையையும் மீறி அந்த நெடி பஹிஜாவின் மூக்கில் ஏறியது. எங்கோ முகர்ந்த நெடி. தலை வாரிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். இடது புருவத்தைக் காணோம். விரலால் தடவினால் இருக்கிறது. கண்ணாடியில் இல்லை.

"ஸன்னூபா, கண்ணாடியைத் துடைச்சியா?"

"துடைச்சுத் துடைச்சுக் கை விட்டுப்போச்சும்மா. உங்க முகத்துல மட்டும்தான் புகை," என்றாள் வேலைக்காரி. "ஊரே பார்த்த முகமாச்சே, தேஞ்சுபோச்சோ என்னவோ!"

பஹிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தை விற்றுத்தான் கணவன் இயக்குநர் ஆனான். சத்தமே இல்லாத படங்களில் அவள் வாய்விட்டு அலறிக் கடலில் மூழ்குவாள், கொட்டகையே தேம்பும். இப்போது அவன் பேசும் படம் எடுக்கிறான். கதாநாயகி நீதான் என்று பெற்றவள் கல்லறைமேல் சத்தியம் செய்திருந்தான்.

நெடி பிடிபட்டது. கற்பூரம் கலந்து செய்கிற படச்சுருள்!

இரும்பு அலமாரியைத் திறந்தாள். தகர டப்பாக்கள் எல்லாம் காலி.

"என் படமெல்லாம் எங்க?"

ரவூஃப் கதவில் சாய்ந்து நின்றான். "சுருள்ல இருக்கிற வெள்ளியை எடுக்கிறவன் எல்லாத்தையும் கொதிக்க வெச்சுட்டான். மிச்சம் சீப்புப் பட்டறைக்குப் போச்சு. இனிமே ஊமைப் படத்தை வெச்சு ஊறுகாயா போடுறது? உனக்கும் ஒரு சீப்பு கேட்டு வாங்கியாந்தேன்ல?"

"அப்போ பேசும் படம்?"

"ஒரு சின்னப் பொண்ணு நல்லாப் பாடுறா. நீ ஊமை ராணியாவே இருந்துட்டுப் போ, கண்ணே."

சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டான்.

கண்ணாடிக்குத் திரும்பினாள். கண் இல்லை. மூக்கு இல்லை. கூந்தல் மட்டும் இருந்தது, நடுவில் பின்சுவர் தெரிந்தது.

சீப்பை விளக்குக்கு நேரே தூக்கினாள். பழுப்புக்குள்ளே, துளியாக, மூழ்குகிற ஒருத்தி. வாய் பிளந்திருந்தது.

பஹிஜா கத்தினாள்.

சத்தம் இல்லை.

மறுபடி. இல்லை.

விளக்கு மலையாக வளர்ந்தது. சுற்றிலும் பழுப்பு வெளிச்சம். கற்பூர நெடி. கீழே வரிசையாகச் சீப்பின் பற்கள்.

"அம்மாவைக் காணோமேய்யா! சீப்புதான் தரையில கிடக்கு."

"கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிருப்பா. அந்தச் சீப்பைத் துடைச்சு வை. பாட்டுக்காரப் பொண்ணு வந்திருக்கா, குடுப்போம்."

யாரோ மெல்ல முனகிப் பாடினார்கள். பெரிய கை ஒன்று இறங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் ஈரக்கூந்தல், கருங்கடலாகப் பஹிஜாவின் திறந்த வாய்க்குள் புரண்டது.